ஈரக் கழிவு

தொண்ணூற்றாறு என்றது டிக்கோயா கிளினிக் தராசு.
நிலூகா மிஸ் இன்னொரு தரம் ஏறச் சொன்னார்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறினேன்.
பெல்ட்டை, மடுவத்துச் சாவிக்கொத்தை,
சட்டைப் பையிலிருந்த துண்டுப் புத்தகத்தைக்கூட
மேசையில் வைத்துவிட்டு ஏறினேன்.
தொண்ணூற்றைந்தரை.

பதினாறு வருடமாகக் கொழுந்து நிறுக்கிறவன் நான்.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ரெண்டு என்று
வாய் தானாகச் சொல்லும்.
மழை பெய்தாலும் கழிப்பேன், காய்ந்தாலும் கழிப்பேன்.
பதினெட்டுக்கு ஒன்று குறைந்தால் அரைப்பேர்.
அதே வாயால் எனக்கென்று
ஒரு கிலோ கழிக்கத் தெரியவில்லை.

மிஸ் ஏசவில்லை. ஒரு தாளைத் தந்து
ஒரு நாள் தின்பதையெல்லாம் எழுதி வரச் சொன்னார்.
கணக்கு எழுதிப் பழகிய கை, ஒன்றும் விடாது.
விடியப் பெரட்டுக்கு முன் டின்பால் தேத்தண்ணி,
பேணியின் அடியில் சீனி கரையாமல் கிடக்கும்.
கோதுமை ரொட்டி நாலு, கட்டச் சம்பல்.
பத்து மணிக்குக் கடையில் மீன் பணிஸ்.
பகல் சோறு. அதை எத்தனை என்று எழுத? ஒரு குன்று.
பின்னேரம் பிள்ளைகள் விட்ட ரொட்டி ஓரங்கள்,
வீணாகப் போகக் கூடாதே என்று.
தாளைத் திருப்ப வேண்டி வந்தது.

முதலில் சீனியை விட்டேன்.
தேயிலைக்குள் பிறந்தவன்,
முப்பத்தொன்பதாவது வயதில்தான் தேயிலையை ருசித்தேன்.
கசப்பு. கசப்புக்குப் பின்னால் இன்னொன்று,
அதன் பெயர் தெரியாது.
தவமலர் என் பீங்கானை ஒளித்துவிட்டாள்.
இப்போது அது தண்ணீர்க் குடத்துக்கு மூடி.
சின்னப் பீங்கானில் பாதி சிவப்பரிசி,
மீதி இடத்தில் போஞ்சி, லீக்ஸ், வல்லாரை.
இரவு ஏழுக்கு மேல் பசித்தால் பல் விளக்குவேன்.
சில இரவுகள் மூன்று தரம் விளக்கியிருக்கிறேன்.

எட்டு மாதம். பதினாலு கிலோ.

லயத்தில் யாரும் மெச்சவில்லை.
சீனி வருத்தமா என்றார்கள்.
வீட்டில் ஏதும் கஷ்டமா என்று
குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள்.
இந்த மலையில் ஆள் மெலிவதற்கு
நோயும் பட்டினியும்தான் காரணம்;
வேறொன்றை எவரும் கண்டதில்லை.

மெலிந்த பிறகு என்ன செய்வதென்று
மிஸ் தந்த தாளில் இல்லை.
ஆறாம் நம்பர் மலையைப் போய்ப் பார்த்தேன்,
ஆள் இல்லாமல் கைவிட்ட மலை.
தேயிலை அங்கே மரமாகி நிற்கிறது.
உச்சியில் குளவிக்கூடு.
மற்ற மலைகளில் அது இடுப்பளவில் நிற்பதென்றால்
ஏழு நாளைக்கொரு தரம் யாரோ ஒருத்தி
கிள்ளிவிட்டுப் போகிறாள், அதனால்தான்.

மச்சினன் கல்யாணம் ஹட்டனில்.
பிரியாணி. வட்டிலப்பம். மறுபடி பிரியாணி.
மிஞ்சியதை வாளியில் கட்டிக்கொடுத்தார்கள், மூன்று நாள் ஓடியது.
திங்கட்கிழமை கொழுந்து வருமுன்
மூட்டைத் தராசில் நானே ஏறி நின்றேன்.
முள் போன இடத்தைப் பார்த்து நிற்கையில்
பின்னால் ரஞ்சிதமலரின் குரல்:
"ஐயா, ஈரத்துக்கு ரெண்டு கழிச்சி எழுதிக்கங்க."

மடுவமே சிரித்தது. நானும் சிரித்தேன்.
இறங்கினேன். அவள் சாக்கு ஏறியது.
இருபது.
சாக்குக்கு ஒன்று என்றது வாய்.
மேலே சொல்ல வந்தது.
வெளியே பார்த்தேன். நாலு நாளாக வெயில்.
பத்தொன்பது என்று எழுதினேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
ஓரமாகக் குந்தி, மடியிலிருந்து ரொட்டியை எடுத்து
இரண்டாகப் பிய்த்தாள்.
ஒரு பாதியைத் தின்றாள்.
மற்றதைத் துணியில் சுற்றி
மறுபடி செருகிக்கொண்டு மலைக்கு ஏறினாள்.

துண்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
என் பெயரை எழுதி, நேரே குறித்தேன்:
எண்பத்து மூன்றே முக்கால்.
கழிவு இல்லை.